ட்வைலைட் படித்து முடித்தேன். மகளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

வணக்கம். வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து கதை படிப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்.

என் மகளுக்கு 14 வயது. பெல்லா என்ற பெண்ணுக்கும் எட்வர்ட் என்ற ரத்தக்காட்டேரிக்கும் வரும் காதலைச் சொல்லும் ஸ்டெஃபனி மேயரின் ட்வைலைட் நாவலை இரண்டாம் முறையாகப் படிக்கிறாள். "நீயும் படிம்மா" என்று கையில் கொடுத்தாள். மூன்றே இரவில் முடித்துவிட்டேன். விடாமல் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் ஊர், புதுப் பள்ளியில் தனியாக நிற்கும் பெல்லா, உயிரியல் வகுப்பில் பக்கத்து இருக்கையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் எட்வர்ட். அந்த வயதின் படபடப்பு அப்படியே திரும்பி வந்தது.

ஆனால் ஓர் இடத்தில் திக்கென்றது. பெல்லா தூங்கும்போது அவளுக்கே தெரியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருந்ததாக எட்வர்ட் சொல்கிறான். பெல்லாவுக்கோ பயம் வரவில்லை, தூக்கத்தில் என்ன உளறினோமோ என்ற கூச்சம்தான் வருகிறது. என் மகளுக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான். எனக்கு வயிறு கலங்கியது.

அப்புறம் இரண்டாம் பாகமான நியூ மூன். அவன் விட்டுப்போனதும் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் அச்சிட்ட வெற்றுப் பக்கங்கள். புரட்டும்போது அழுகை வந்துவிட்டது. ஒருவன் போனால் ஒரு பெண்ணின் நாட்கள் இப்படிக் காலியாகிவிடும் என்று இவள் நம்பிவிடக் கூடாதே.

புத்தகத்தைப் பிடுங்க எனக்கு மனமில்லை, அவள் ரசனையைக் குறை சொல்லவும் மாட்டேன். இதே கதையை வைத்துப் பிள்ளைகளிடம் பேசியவர்கள் இருக்கிறீர்களா? எந்தக் கேள்வியில் ஆரம்பித்தீர்கள்? அடுத்து அவளுக்குக் கொடுக்க, காதலும் குறையாமல் பெண்ணும் சுருங்காமல் இருக்கிற நாவல் ஏதாவது, தமிழிலோ ஆங்கிலத்திலோ, இருந்தால் சொல்லுங்கள்.