மாலையில் சேர்ந்து கேட்க எந்த இசைத்தட்டுகளைப் போடலாம்?

கேள்வி:
வருகிற சனிக்கிழமை மாலை நண்பர்கள் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். ஆளுக்கொரு இசைத்தட்டைக் கொண்டுவந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதாக ஏற்பாடு. என்னிடம் எல்.பி. தட்டுகளோடு (நிமிடத்துக்கு 33 முறை சுழலும் நெடுநேரத் தட்டுகள்), தாத்தா வாங்கிய நாகஸ்வரக் கலைஞர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டாக இருக்கிறது. உங்களுக்குப் பிடித்தவை எவை, எந்த வரிசையில் போடலாம் என்று சொல்லுங்கள்.

மறுமொழி 1:
என் தேர்வு 1967இல் ஹெச்.எம்.வி. வெளியிட்ட ‘கால் ஆஃப் த வேலி’. சிவகுமார் சர்மாவின் சந்தூர் என்னும் தந்தி வாத்தியம், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் கப்ராவின் கிட்டார் ஆகிய மூன்றும் சேர்ந்து, காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளைச் சொல்கின்றன. முதல் பக்கம் ஆஹிர் பைரவ் என்னும் காலை ராகத்தில் தொடங்குவதால், நீங்கள் தட்டைத் திருப்பி இரண்டாம் பக்கத்தை மட்டும் போடுங்கள். பூப் (நம் மோகனம்தான்), தேஷ், பஹாடி என்று அது பொழுது சாயும் நேரத்துக்கு ஏற்றபடி நகரும். எம்.எஸ். அவர்களின் சுப்ரபாதத் தட்டை யாரேனும் கொண்டுவந்தால், மறுநாள் விடியும்வரை அவர் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மறுமொழி 2:
எல்.பி.யின் ஒரு பக்கம் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் என்பதால், துடைப்பதற்கும் திருப்புவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்தில் ஐந்து பக்கங்கள் கேட்கலாம். ஆளுக்கு ஒரு பக்கம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) என்றால் நான் இரண்டாம் பக்கத்தைத்தான் போடுவேன். முதல் பக்கத்தைப் பதிவுசெய்த நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், அதை வழக்கமான வேகத்தில் ஒலிக்கவிட்ட பழைய அச்சுகளில் அந்தப் பக்கத்தின் சுருதி சிறிது ஏறியே ஒலிக்கும்; 1992 மறுவெளியீட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள். பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள், வயலின் வாசிக்கும் நண்பர் கட்டாயம் முகம் சுளிப்பார்.

மறுமொழி 3:
அந்தத் தோடியை எல்.பி. ஊசியால் தொடாதீர்கள். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ மூன்று மடங்கு பருத்த நுனியுள்ள ஊசி வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உரசிக்கொண்டு ஓடும், நாகஸ்வரத்தைவிட இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். உங்கள் பிளேயரில் 78 வேகம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்; இப்போது வரும் பலவற்றில் 33, 45 மட்டுமே உண்டு. இரண்டும் அமைந்தால் தோடியையே முதலில் போடுங்கள். ஒரு பக்கம் மூன்று நிமிடங்களுக்குச் சற்றுமேல் முடிந்துவிடும், அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள்.