கீழ்க் கடைவாய்ப்பல் இம்பிளாண்ட்: 6.5 மி.மீ எலும்பில் 5 மி.மீ ஸ்க்ரூ போடலாமா?

காவிரிக்கரை கேட்டது:

அம்மாவுக்கு வயது 58. வலது கீழ்த்தாடையில் முதல் பெரிய கடைவாய்ப்பல் எடுத்து 14 மாதம் ஆகிறது. சிபிசிடி ஸ்கேனில் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) எலும்பின் அகலம் 6.5 மி.மீ, மேல்விளிம்பிலிருந்து நரம்புக் குழாய் வரை 12 மி.மீ. 5 மி.மீ விட்டம், 10 மி.மீ நீளத்தில் இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ) போட்டு, மூன்று மாதம் கழித்து அதன்மேல் சிமென்ட் வைத்து பல் வடிவ கேப் ஒட்டலாம் என்கிறார் டாக்டர். எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) 7.8. கொரியன் கம்பெனியா, ஸ்விஸ் கம்பெனியா என்று எங்களையே முடிவு பண்ணச் சொல்கிறார்கள். விலை நிறைய வித்தியாசப்படுகிறது. பக்கத்துப் பற்கள் இரண்டும் சொத்தை இல்லாமல் நன்றாக இருக்கின்றன. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

வேர்க்கால்:

கம்பெனியைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் கணக்கு.

6.5-ல் 5 போனால் மிச்சம் 1.5. ஸ்க்ரூ நட்டநடுவில் இறங்கினாலும் கன்னப் பக்கம் முக்கால் மி.மீ, நாக்குப் பக்கம் முக்கால் மி.மீ எலும்புதான் நிற்கும். அவ்வளவு மெல்லிய சுவருக்கு ரத்த ஓட்டம் போதாது. மெல்லக் கரையும், ஸ்க்ரூவின் புரி வெளியே வரும், புரியில் அழுக்கு சேரும், பிறகு சீழ். கன்னப் பக்கம் குறைந்தது 1.5, நாக்குப் பக்கம் 1 மி.மீ வேண்டும். அப்படியானால் உங்கள் எலும்புக்கு 4 மி.மீ விட்டம்தான் கச்சிதம். 5-தான் போட வேண்டும் என்றால் எலும்புத் தூள் வைத்து அகலப்படுத்துவதைப் பற்றியும் அவர் பேச வேண்டும்.

உயரம் 12. நரம்புக்கு மேல் 2 மி.மீ விட்டுவிட்டால் 10. ஆனால் ட்ரில்லின் கூர்முனை, குறித்த நீளத்தைத் தாண்டி அரை மி.மீ முதல் 1 மி.மீ வரை கூடுதலாக இறங்கும். அதைச் சேர்க்காமல் 10 என்பது விளிம்பில் நடப்பது. 8.5 போதும்; இந்த இடத்தில் நீளத்துக்காக நரம்பைப் பணயம் வைக்கத் தேவையே இல்லை.

சர்க்கரையை 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டுத் தேதி வாங்குங்கள். அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசியோ எடுத்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் அதில் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் மாட்டித் தாங்கும் பல், போட்டால் நல்ல பற்கள் இரண்டையும் சீவ வேண்டியிருக்கும். அதனால் இம்பிளாண்ட் என்ற முடிவு சரிதான்.

முப்பத்தைந்து டார்க்:

கேப் பற்றி மட்டும் சொல்கிறேன். சிமென்ட் வேண்டாம், சின்ன ஸ்க்ரூ வைத்து இம்பிளாண்டோடு முடுக்கும் கேப் கேளுங்கள். ஒட்டும்போது வழியும் சிமென்ட் ஈறுக்கு அடியில் தங்கிவிடும், எக்ஸ்ரேயில் கூடப் பல நேரம் தெரியாது. மாதங்கள் கழித்து ஈறு வீங்கி ரத்தம் வரும்போதுதான் தெரியவரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இயற்கைப் பற்கள் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். இம்பிளாண்ட் எலும்போடு ஒட்டியது, அது அசையாது. அதற்கு முன்னால் இருக்கும் பல் நகர நகர நடுவில் இடைவெளி விழுந்து கீரை நாரும் கறித் துணுக்கும் மாட்டும். ஸ்க்ரூ கேப் என்றால் கழற்றி, அந்தப் பக்கத்தில் பீங்கான் ஏற்றி, திரும்ப மாட்டிவிடலாம். சிமென்ட் என்றால் பெரும்பாலும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மாட்டும்போது கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்க வேண்டும், பலவற்றுக்கு 30 அல்லது 35 நியூட்டன் சென்டிமீட்டர். பத்து நிமிடம் விட்டு அதே அளவில் இன்னொரு தடவை. முதல் முடுக்கில் புரிகள் ஒன்றோடொன்று படிந்து பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும். இந்த இரண்டாவது முடுக்கைத் தவறவிட்டால் பிறகு கேப் ஆடலாம். ஸ்க்ரூ தலைமேல் பிளம்பர் சுற்றும் அதே வெள்ளை டெஃப்லான் டேப்பை உருட்டி அமுக்கி, அதற்கு மேல் பல் நிற காம்போசிட் வைத்து மூடுவார்கள்.

கடியையும் பார்க்கச் சொல்லுங்கள். இயற்கைப் பல்லுக்கு வேரைச் சுற்றி மெத்தை போன்ற சவ்வு உண்டு, கடித்தால் சற்றே அமுங்கும். இம்பிளாண்டுக்கு அது கிடையாது. லேசாகக் கடிக்கும்போது மெல்லிய ஃபாயில் தாள் கேப்புக்கும் மேல்பல்லுக்கும் நடுவே உருவிக்கொண்டு வர வேண்டும், அழுத்திக் கடித்தால்தான் பிடிக்க வேண்டும்.

காவிரிக்கரை:

நன்றி. போட்ட அன்று என்ன கவனிக்க வேண்டும்? மூன்று மாதம் என்பது போதுமா?

வேர்க்கால்:

மரத்துப்போக வைக்கும் ஊசியின் வேகம் நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் கீழ் உதடும் தாடையும் மரத்தே இருந்தால் அன்றே போன் செய்யுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஸ்க்ரூ நரம்பை அழுத்தினால் ஒன்றரை நாளுக்குள் எடுத்தாக வேண்டும்.

கீழ்த்தாடைக்கு மூன்று மாதம் சரியான கணக்குதான். ஆனால் மூன்றாவது வார வாக்கில்தான் பிடிப்பு மிகக் குறைவாக இருக்கும். ட்ரில் செய்த ஓரத்துப் பழைய எலும்பு கரைந்துகொண்டிருக்கும், புது எலும்பு இன்னும் முழுசாக வந்திருக்காது. வலி போய்விட்டதே என்று அந்தப் பக்கம் முறுக்கு கடிக்க ஆரம்பிப்பது இந்த நேரத்தில்தான். விடாதீர்கள்.

1965-ல் ஸ்வீடனில் டைட்டானியம் இம்பிளாண்டைக் கொண்டுவந்த பிரோனேமார்க் முதல் நோயாளிக்குப் போட்ட ஸ்க்ரூக்கள் அவர் இறக்கும்வரை, நாற்பது வருடம், வாயில் இருந்தன. டைட்டானியம் தாங்கும், சுற்றியுள்ள ஈறைத் தினமும் இடைப்பல் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்தாக வேண்டும். இம்பிளாண்டில் சொத்தை வராது, வலியும் பெரும்பாலும் வராது, அதனால் கெட்டுப்போவது தெரியாமலே போகும். பிரஷ்ஷில் ரத்தம் கண்டால் காட்டுங்கள். வருடம் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

முப்பத்தைந்து டார்க்:

ஒன்று விட்டுப்போச்சு. இம்பிளாண்ட் டப்பாவில் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி அம்மாவின் ஃபைலில் ஒட்டிவையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் கேப் ஆடினால், எந்த டிரைவர், எந்த ஸ்க்ரூ என்று அந்த டாக்டருக்கு அதை வைத்துத்தான் தெரியும். ஆடினால் அதோடு மெல்லவும் வேண்டாம். பெரும்பாலும் ஸ்க்ரூ தளர்ந்ததுதான், முடுக்கினால் சரியாகும். மென்றுகொண்டே இருந்தால் ஸ்க்ரூ உள்ளேயே முறிந்துவிடும்.