மறு: 'பிளேட் ஃபிளா'வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

அஞ்சல்தலைச் சேகரிப்புக்கான சொற்களில், அச்சடிக்கும் தகட்டிலேயே விழுந்த குறையைச் சொல்லும் 'பிளேட் ஃபிளா'வுக்கு 'அச்சுப்பிழை' போதும் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். போதாது ஐயா. அச்சுப்பிழை என்றதும் புரூஃப் பார்த்தவர் கோட்டைவிட்ட எழுத்துதான் நினைவுக்கு வரும். அதோடு, அஞ்சல்தலைக்காரர்களுக்குப் 'பிழை' என்ற சொல் வேறொன்றுக்குத் தேவை. 1854இல் கல்கத்தாவில் அச்சான நாலணா ஸ்டாம்பு இரண்டு நிறம்; சிவப்புச் சட்டம் ஒருமுறை, நீலத்தில் ராணி ஒருமுறை என்று தாள் இரண்டு தடவை அச்சுக்குப் போகவேண்டும். சில தாள்கள் திரும்பிப் போய்விட்டதில் விக்டோரியா ராணி தலைகீழாக நிற்கிறார். அதுதான் பிழை. அச்சில் ஒரு குறையும் இல்லை, தாளை வைத்த விதம்தான் கோளாறு.

நாம் பெயர் தேடுவது இதற்கு நேரெதிரான ஒன்றுக்கு. தகட்டிலேயே ஒரு கீறலோ பள்ளமோ விழுந்துவிட்டது, அதைச் சரிசெய்யும்வரை அச்சாகிற ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் அது வந்துகொண்டே இருக்கும். ஆகவே 'தகட்டு வடு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. வடு என்றால் மாறாமல் நிற்பது, அதனால் அடையாளம் காட்டுவது. இரண்டுமே இங்கே வேண்டும்.

இது வெறும் சொல்லழகு இல்லை, சோதிக்கும் முறையே இதில்தான் இருக்கிறது. பிரிட்டனின் முதல் அஞ்சல்தலையான 1840இன் பென்னி பிளாக்கை எடுங்கள். வரிசைக்கு 12, மொத்தம் 20 வரிசை, ஆக ஒரு தாளில் 240. கீழ் மூலைகளில் உள்ள இரண்டு எழுத்துகளில் இடப்பக்கம் உள்ளது வரிசையையும் வலப்பக்கம் உள்ளது அந்த வரிசையில் எத்தனையாவது என்பதையும் சொல்லிவிடும். அந்த எழுத்துகளைத் தகட்டில் கையால் அடித்தார்கள், அதனால் 11 தகடுகளிலும் அவை கொஞ்சம் கொஞ்சம் தள்ளித்தள்ளி விழுந்திருக்கின்றன; எந்தத் தகடு என்று கண்டுபிடிப்பதே பெரும்பாலும் அதை வைத்துத்தான். சரி, உங்கள் ஸ்டாம்பில் ஒரு புள்ளி இருக்கிறது. அதே தகட்டின் அதே இடத்திலிருந்து வந்த இன்னொன்றிலும் அந்தப் புள்ளி இருந்தால் வடு, இல்லாவிட்டால் அநேகமாக மைக்கறை. மைக்கறைக்குக் கூடுதல் காசு கேட்கிற வியாபாரிகள் உண்டு, கவனம்.

கல்லிலிருந்து அச்சடிக்கும் கல்லச்சில் (லித்தோகிராஃபி) தகடு எங்கே என்று கேட்பீர்கள். அந்த 1854 நாலணாவே கல்லச்சுதான். அங்கே 'கல் வடு' என்று சொல்லிவிட்டுப் போவோம், வடு என்பது பொதுவாக நிற்கட்டும். 'அச்சுவடு' மட்டும் வேண்டாம், சேர்த்து எழுதினால் எல்லோரும் சுவடு என்றே படிப்பார்கள்.

'ரீ-என்ட்ரி'க்கு யோசனையாக வந்த 'மறுபதிப்பு' சரிப்படாது. பழைய தகட்டில் பின்னாளில் மீண்டும் அச்சடிப்பதும் மறுபதிப்புதானே? இங்கே நடப்பது வேறு. தாய் அச்சிலிருந்து உருவை உருளையில் எடுத்து, அந்த உருளையைத் தகட்டில் 240 முறை அழுத்தி உருட்டுகிறார்கள். ஓரிடத்தில் உரு சரியாக விழாமலோ தேய்ந்தோ போனால் அங்கே மறுபடி உருட்டுவார்கள், மயிரிழை தப்பினாலும் கோடுகள் இரட்டையாகத் தெரியும். 'மறுவுருட்டு' என்றால் நடந்ததே பெயராகிவிடும். 'டை', 'பிளேட்' இரண்டையும் அச்சு என்றே எழுதுகிற வழக்கத்தையும் இதோடு விட்டுவிடலாம்: முன்னது தாய் அச்சு, பின்னது தகடு.

தாள் விஷயத்தில் 'நீர்க்குறி'யை மாற்றவேண்டாம், ரூபாய் நோட்டுவரை பழகிவிட்டது. ஆனால் 'லெய்ட்' தாளுக்கு 'வரித்தாள்' எனக்கு ஒப்பவில்லை. பாதிப் பேர் கோடு போட்ட நோட்டு என்பார்கள், மீதிப் பேர் வருமான வரி என்பார்கள். தாள் வார்க்கும் சட்டத்தில் நெருக்கமாக ஓடும் கம்பிகள்தான் தாளில் அந்தக் கோடுகளை விடுகின்றன, எனவே 'கம்பித்தாள்'. கம்பிவலையில் வார்த்த 'வோவ்' தாள் 'வலைத்தாள்'. 1888இல் வந்த திருவிதாங்கூர்ச் சங்கு ஸ்டாம்புகளின் முதல் அச்சு கம்பித்தாள், பிறகு வந்தவை வலைத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சேர்க்கவேண்டும்: 'முழுத்தாள் நீர்க்குறி'. 1854 தாள்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் தாள் முழுக்க ஒரே பெரிய உருவாக இருக்கும். தனி ஸ்டாம்பில் அதன் ஒரு துண்டுதான் விழும், சிலதில் எதுவுமே விழாது. 1865 முதல் வந்த யானைத்தலை நீர்க்குறி அப்படியல்ல, ஸ்டாம்புக்கு ஒன்று. இந்த வேறுபாட்டுக்குப் பெயர் இல்லாததால்தான் 'நீர்க்குறியற்ற அரிய வகை' என்று 1854 அரையணாக்கள் விலைபோகின்றன.

ஸ்டாம்புகளைக் கிழித்தெடுக்க ஓரங்களில் இடும் துளைகளில் 'கோம்ப்', 'லைன்' வகைகளுக்கு நீங்கள் சொன்ன 'சீப்புத்துளை', 'கோட்டுத்துளை' இரண்டும் அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.