வலி வர வைக்கணும்னு சொல்லிட்டாங்க, அனுபவப்பட்டவங்க கொஞ்சம் சொல்லுங்கக்கா

எல்லாருக்கும் வணக்கம்ங்க, நாங்க ஏற்காட்டுல இருக்கோம், எனக்கு இது ரெண்டாவது பிரசவம், இன்னிக்கு 40 வாரம் 4 நாள் ஆகுது இன்னும் வலியே வரல. 41 வாரம் ஆனதும் சேலம் வந்து அட்மிட் ஆகிடுங்க, கர்ப்பப்பை வாய் இளக ஜெல் வெச்சு பாக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தானா வலி வரட்டும்னு வீட்டுல காத்திருக்கவும் பயமா இருக்கு, ராத்திரில 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணுமே.

மூத்தவனுக்கும் இப்படித்தான். காலைல ஜெல் வெச்சாங்க, சாயந்திரம் வரைக்கும் இடுப்புல லேசா இழுத்துச்சு அவ்ளோதான், அப்புறம் ட்ரிப்ஸ்ல வலி வர வைக்கற ஆக்ஸிடோசின் மருந்து போட்டாங்க பாருங்க, மூச்சு விட நேரமில்லாம ஒன்னு மேல ஒன்னு வந்துச்சு. வயித்துல கட்டின பெல்ட்டுல பாப்பா துடிப்பு டக் டக்னு கேட்டுட்டே இருக்கும், அதை கேட்டுக்கிட்டே அம்மா கையப் புடிச்சிருந்தேன், அவங்க வளையல் தடம் என் உள்ளங்கைல பதிஞ்சு போச்சு. மறுநாள் விடியக்காலைல நார்மலாத்தான் பொறந்தான். ஆனா எதுக்கு என்ன பண்றோம்னு அங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லல, அது இன்னும் மனசுலயே கெடக்கு.

மொதல்ல நார்மல்னா ரெண்டாவது சீக்கிரம் ஆயிடும்ங்கறாங்க, உங்களுக்கு அப்படி ஆச்சா? ஜெல்லுக்கு பதிலா கர்ப்பப்பை வாய் திறக்க பலூன் வெச்சவங்க இருந்தா எவ்ளோ நேரம் ஆச்சுன்னு சொல்லுங்க. ட்ரிப்ஸ் ஓடும்போது எழுந்து நடக்க விட்டாங்களா, வலி குறைய முதுகுல ஊசி போட்டீங்களா? சேலத்துல லேபர் ரூமுக்குள்ள கூட ஒருத்தர இருக்க விடற ஆஸ்பத்திரி தெரிஞ்சாலும் சொல்லுங்கக்கா. திங்கக்கிழமை காலைல மலை இறங்கறோம்.