எஸ்டீம் சூடான பிறகும் ஐட்லிங் 1800-லேயே நிற்கிறது, எங்கே பார்ப்பது?

கிருஷ்ணகிரி எஸ்டீம்:
எல்லோருக்கும் வணக்கம். 2001 மாடல் மாருதி எஸ்டீம், பெட்ரோல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும் வகை). அப்பா வாங்கிய வண்டி, விற்க மனசு வரவில்லை. மூன்று மாதமாக ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) கீழே இறங்க மாட்டேன் என்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆர்பிஎம் முள் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) 1800, 2000 வரை போகும். அது சரி, எஞ்சின் குளிர்ந்திருந்தால் அப்படித்தான். ஆனால் முன்பெல்லாம் வீட்டிலிருந்து ரவுண்டானா வருவதற்குள் 900-க்கு வந்துவிடும். இப்போது தர்மபுரி வரை ஓட்டினாலும் 1700, 1800-லேயே நிற்கிறது. போன வாரம் சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் உண்மையிலேயே பயந்துவிட்டேன். மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் வண்டி அடங்காமல் தள்ளிக்கொண்டே போனது, கீழே வருவதற்குள் பிரேக் கருகும் வாசனை. ஒரு மெக்கானிக் திராட்டில் (எஞ்சினுக்குக் காற்றைத் திறந்து விடும் தட்டு) பக்கத்து ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை. இன்னொருவர் சென்சார் எல்லாம் மாற்றச் சொல்கிறார். பணம் போடுவதற்கு முன் நானே எதைப் பார்க்கலாம்?

பாலக்கோடு பழைய வண்டி:
சார், முதலில் அந்த ஸ்க்ரூவை இனி யாரும் தொடவிடாதீர்கள். அது ஐட்லிங் வைக்கிற ஸ்க்ரூ இல்லை, திராட்டில் தட்டு எங்கே போய் நிற்க வேண்டும் என்று கம்பெனியிலேயே வைத்து அனுப்புவது. கார்புரேட்டர் வண்டி பார்த்துப் பழகிய கை உடனே திருப்புளியைத்தான் தேடும். அதைத் திருப்பினால் கோளாறு போகாது, மேலே இன்னொன்று சேரும்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். முள் ஒரே இடத்தில் நிற்கிறதா, இல்லை ஏறி ஏறி இறங்குகிறதா? டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது? அப்படியே பானெட்டைத் திறந்து ஆக்ஸிலரேட்டர் கேபிளைக் கையால் அசைத்துப் பாருங்கள், கொஞ்சம் தளர்ச்சி இருக்க வேண்டும். கம்பி மாதிரி விறைப்பாக இருந்தால் கேபிளே தட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது.

கிருஷ்ணகிரி எஸ்டீம்:
கேபிளில் தளர்ச்சி இருக்கிறது அண்ணா. முள் ஏறி இறங்கவில்லை, ஆணி அடித்தது போல் 1800-ல் நிற்கிறது. டெம்பரேச்சர் நடுவில், எப்போதும் போல.

ஓசூர் ஷெட்:
தம்பி, சென்சார் வாங்க அவசரப்படாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே எஞ்சின் வேகமாகச் சுற்றினால், தேவைக்கு மேல் காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது. இந்த வண்டியில் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார் இருக்கிறது. காற்று எந்த வழியாக நுழைந்தாலும் அழுத்தம் கூடும், அதற்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டி ஊற்றும், ஆர்பிஎம் ஏறும். ஆக, காற்று போகும் வழியைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, காசே ஆகாது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் தடித்த ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். திராட்டில் பாடியின் வாய் தெரியும். பெரிய தட்டுக்கு முன்னால், ஓரமாக, விரல் நுனி அளவு ஒரு ஓட்டை இருக்கும். வண்டி ஐட்லிங்கில் ஓடும்போதே அதைக் கட்டைவிரலால் அழுத்தி மூடுங்கள் (அருகில் துணி, நட்டு எதுவும் வைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும்). ஆர்பிஎம் சட்டென்று விழுந்தால் காற்று அந்த பைபாஸ் (தட்டைச் சுற்றிப் போகும் பக்க வழி) வழியாகத்தான் போகிறது. விழவில்லை என்றால் வேறெங்கோ கசிவு. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப உறிஞ்சும் குழாய்), மேனிஃபோல்டு கேஸ்கெட் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிளையரில் மெதுவாக நசுக்கிப் பாருங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் தெளித்துக் கசிவு தேடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும்.

கிருஷ்ணகிரி எஸ்டீம்:
அண்ணா, விரலை வைத்ததும் 1800-லிருந்து 700-க்கு விழுந்து அணையப் பார்த்தது! எடுத்தவுடன் மறுபடியும் 1800.

ஓசூர் ஷெட்:
அப்போது ஹோஸை எல்லாம் விட்டுவிடலாம். அந்த வழியில் காற்றைக் கட்டுப்படுத்துவது இரண்டு. ஒன்று கம்ப்யூட்டர் திறந்து மூடும் ஐடில் வால்வு. இன்னொன்று, உள்ளே மெழுகு இருக்கும் சின்ன ஏர் வால்வு, அதற்கு ஒயரே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் திறந்திருக்கும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூடு பட்டால் மெழுகு விரிந்து பாதையை மூடும். அந்தச் சூடு வர திராட்டில் பாடிக்கு இரண்டு சின்ன தண்ணீர்க் குழாய்கள் போகும். சூடான வண்டியில் இரண்டையும் தொட்டுப் பாருங்கள், ஃபேனுக்குப் பக்கத்தில் கை கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று கொதித்து, இன்னொன்று ஆறிப்போயிருந்தால் உள்ளே அடைப்பு. டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்பதால் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குக் கூலன்டைத் திறந்து விடும் வால்வு) மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

பாலக்கோடு பழைய வண்டி:
ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறீர்கள் சார்? நம்ம பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும், வெந்நீர் வைக்கிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் எஞ்சினுக்குள்ளும் படியும். பெரிய குழாய் தாங்கும், விரல் தடிமன்கூட இல்லாத பாதை முதலில் அடைந்துபோகும்.

கிருஷ்ணகிரி எஸ்டீம்:
சரியாகச் சொன்னீர்கள். ஒரு குழாய் கொதித்தது, இன்னொன்று வெதுவெதுப்புகூட இல்லை. நேற்று எஞ்சின் ஆறிய பிறகு தெரிந்த பையனை வைத்து திராட்டில் பாடியைக் கழற்றினோம். தண்ணீர் போகும் துளையில் சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து டீத்தூள் நிறத்தில் கல் போல இறுகியிருந்தது. மெல்லிய கம்பியால் குத்திக் குத்தி எடுத்தோம், பஞ்சர் கடையில் காற்று வைத்து ஊதினோம், கடைசியில் மறுபக்கம் தண்ணீர் ஒழுகியபோதுதான் மனசு ஆறியது. அப்பா காலத்திலிருந்து கடையில் எந்த வாளித் தண்ணீர் கிடைத்ததோ அதைத்தான் ஊற்றியிருக்கிறோம். புது கேஸ்கெட் போட்டு மாட்டி, ஸ்க்ரூவைப் பழைய பெயின்ட் குறிக்குத் திருப்பி வைத்து ஓட்டினேன். பத்து நிமிடத்தில் முள் தானாக இறங்கி 900-ல் நின்றது. இருவருக்கும் நன்றி.

ஓசூர் ஷெட்:
சந்தோஷம் தம்பி. ஆனால் அடைப்பு அங்கே மட்டும் இருக்காது. பழைய தண்ணீரை முழுதும் இறக்கி, தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஊற்றும்போது வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கட்டும். மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றும் வரை விட்டால் குமிழி எல்லாம் வெளியேறும். உள்ளே காற்று தங்கினால் அந்தச் சின்னக் குழாய் மறுபடியும் ஆறிப்போகும், 1800 திரும்பி வரும். அப்புறம் தொப்பூரில் கருகிய பிரேக் பேடையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.