தினமும் போட்டுக்க மனசு வர்ற சன்ஸ்கிரீன் எது? வேலூர் வெயில்ல ஓட்டறவங்க சொல்லுங்க

சத்துவாச்சாரி சுதா:
காட்பாடில ஸ்கூல் டீச்சரா இருக்கேன், தினமும் ஸ்கூட்டிதான். சின்னவன் பொறந்ததுக்கப்புறம் ரெண்டு கன்னத்துலயும் மங்கு, அதான் கருந்திட்டு, வந்துடுச்சு, ஸ்கின் டாக்டர் சன்ஸ்கிரீன் இல்லாம வெளிய கால் வெக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. மூணு ட்யூப் வாங்கினேன், மூணும் அலமாரில கெடக்குது. ஒண்ணு போட்டா மூஞ்சி சாம்பல் பூசின மாதிரி ஆயிடுது, இன்னொண்ணு கிரீன் சர்க்கிள் சிக்னல்ல நிக்கும்போதே வேர்வையோட கண்ணுல எறங்கி எரிஞ்சு வண்டிய ஓரங்கட்டி தண்ணி வாங்கி மூஞ்சி கழுவ வேண்டியதா போச்சு. மூணாவதுல எரிச்சல் இல்ல, ஆனா அது மேல ஸ்டிக்கர் பொட்டு நிக்க மாட்டேங்குது, ப்ரேயர் முடியறதுக்குள்ள புருவத்துக்கு நடுவுல இருந்து மூக்குக்கு வந்துடுது. போட்டதே தெரியாம இருக்கணும், அந்த மாதிரி எதாவது இருக்கா?

போளூர் பெருமாள்:
ஏம்மா, எனக்கு 61 வயசாவுது, கத்திரி வெயில்ல கழனில நின்னு மல்லாட்ட புடுங்கின ஒடம்பு இது. துண்டு ஒண்ணு தலைல, அவ்ளோதான். எங்கம்மா மஞ்சள் பூசிக்கினு கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. மாசம் 500 ரூபா குடுத்து வாங்கி கண்ணும் எரிஞ்சிக்கினு இன்னாத்துக்கு? நல்லதா ஒரு கருப்பு கொட வாங்கிக்க, பத்து வருஷம் வரும்.

மெடிக்கல் முரளி:
அய்யா, கொடை நல்லதுதான், நான் வேணாம்னு சொல்லல. ஆனா அக்கா ஸ்கூட்டில போறாங்க, கொடை எப்படி புடிப்பாங்க? அதுவும் இல்லாம வெயில் மேல இருந்து மட்டும் வரல, வானம் பூரா செதறி வருது, சிமெண்ட் தரைல பட்டும் எகிறுது. மஞ்சளுக்கு வெயில தடுக்கற அளவுக்கு சக்தி கெடையாது, அத நம்பி மங்கு இருக்கறவங்க வெளிய போகக்கூடாது.

அக்கா, நான் கடைல எட்டு வருஷமா நிக்கறேன், பாதி பேரு ட்யூப் வாங்கிட்டு ஒரு பட்டாணி அளவு தடவிட்டு வேலை செய்யலன்னு திரும்பி வராங்க. வெயில எவ்ளோ தடுக்கும்னு டப்பால போட்டிருக்கற எஸ்பிஎஃப் 50ங்கறது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி டெஸ்ட் பண்ண நம்பர். மூஞ்சி கழுத்துக்கு ரெண்டு வெரல் நீளம் பிதுக்கணும், சுமாரா ஒரு கிராம் வரும். அதனால ரெண்டு வெரல் போட்டும் நெருடாம இருக்கறது எதுவோ அதுதான் உங்களுக்கு சன்ஸ்கிரீன், 30ஆ 50ஆங்கறது ரெண்டாவது. தோல பொசுக்கற யூவிபி கதிர்ல 30 போட்டா 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டா 98, அவ்ளோதான் வித்தியாசம்.

ஆற்காடு அனு:
முரளி அண்ணா சொல்றத என்னால ஒத்துக்க முடியல. சுகமா இருக்குன்னு எதையும் பூசிக்கலாமா? ஜெல்லு முக்காவாசி கெமிக்கல் ஃபில்டர், அதாவது வெயில உறிஞ்சற ரசாயனம், அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2019லயும் 2020லயும் டெஸ்ட் பண்ணி அந்த கெமிக்கல் ரத்தத்துல கலக்குதுன்னு கண்டுபுடிச்சாங்க. சின்ன கொழந்தை இருக்கற வீடு, சுதா அக்கா ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ளத வாங்கறதுதான் நல்லது. கொஞ்சம் வெள்ளையா தெரிஞ்சா தெரியட்டும்.

மெடிக்கல் முரளி:
அனு, ரத்தத்துல போகுதுங்கறது உண்மை. அதனால கெடுதல்னு அர்த்தம் இல்ல, போடறத நிறுத்தாதீங்கன்னு அதே எஃப்டிஏவே சொல்லிச்சு, அதையும் சேத்து சொல்லணும் இல்லயா.

சத்துவாச்சாரி சுதா:
அனு, நீ என் மேல அக்கறைல சொல்றது புரியுது, ஆனா "கொஞ்சம் வெள்ளையா" இல்லம்மா. நான் நல்ல கருப்பு. அத போட்டுட்டு போன அன்னிக்கு ஒரு புள்ள "மிஸ் ஒடம்பு சரியில்லயா"ன்னு கேட்டுச்சு, இன்டர்வெல்ல போயி கழுவிட்டு வந்துட்டேன். கழுவிட்டா அப்புறம் அது போட்டும் போடாத மாதிரிதான? கருப்பு தோலுக்கு பாத்து செய்யாத பொருள நான் ஏன் சகிச்சுக்கணும்? எனக்கு நெஜமா கோவம் வருது.

ஃபீல்டு விஜி:
நான் கலெக்‌ஷன் வேலை, காட்பாடி, லத்தேரி, கே.வி.குப்பம், குடியாத்தம்னு நாள் பூரா பைக்லதான். ஜெல் டைப்தான் போடறேன், தண்ணி மாதிரி எறங்கிடும், தாடில வெள்ளையா ஒட்டாது. ரெண்டு விஷயம் அனுபவத்துல சொல்றேன். கீழ மாய்ஸ்சரைசர் போட்டு அது காயறதுக்குள்ள ஜெல்ல தேச்சா அழுக்கு திரண்ட மாதிரி உருண்டு உருண்டு வரும், அதனால வெறும் மூஞ்சில போட்டு 15 நிமிஷம் விட்டுட்டு அப்புறம் ஹெல்மெட் மாட்டுங்க. ரெண்டாவது வெள்ளை சட்டை காலர்ல துரு கறை மாதிரி ஆரஞ்சா புடிச்சுது, சோப்புக்கு போகல, வீட்டுல வேர்வைன்னு நெனச்சு ப்ளீச்சிங் போட்டாங்க இன்னும் ஏறிடுச்சு. அவோபென்சோன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அதுவும் நம்ம போர் தண்ணில இருக்கற இரும்பும் சேந்தா வர்ற கறையாம். எலுமிச்சம்பழம் தேச்சு ஊற வெச்சதும் வெளுத்துச்சு. லேபிள்ல அந்த பேரு இல்லாதத தேடி வாங்கினேன், அப்புறம் கறையே இல்ல.

போளூர் பெருமாள்:
தம்பி, நாள் பூரா சுத்தறவனுக்கு வேணும்னா சரி. டீச்சரம்மா காலைல எட்டு மணிக்கு போறாங்க, சாயங்காலம் வராங்க, அந்நேரத்துல இன்னா வெயிலு? உச்சி வெயில்ல கிளாஸ்ரூம் உள்ளதான கீறாங்க. கருப்பு தோலே நமக்கு பாதுகாப்பு, சாமி குடுத்தது.

சத்துவாச்சாரி சுதா:
அய்யா, நீங்க சொல்றதுல பாதி சரி, எட்டு மணிக்கு யூவி கம்மிதான். ஆனா மத்தியானம் கிரவுண்டு டூட்டி எனக்கு வாரத்துல மூணு நாள், ஒரு மரம் கெடையாது. கிளாஸ்லயும் என் மேஜை ஜன்னல் பக்கம், கண்ணாடி வழியா யூவிஏ, அதாவது தோல கருக்க வெக்கற கதிர், வரும். கருப்பு தோலு பொசுங்காம காக்கும் அய்யா, மங்குல இருந்து காக்காது, எங்களுக்குத்தான் அது அதிகமா கருத்து நிக்குது.

மெடிக்கல் முரளி:
அக்கா, மங்குன்னு சொன்னதால ஒண்ணு. கண்ணுக்கு தெரியற வெளிச்சமும் மங்க கருக்க வெக்கும், சாதா ஜெல் அத தடுக்காது. அயர்ன் ஆக்சைடு போட்ட டின்டட் சன்ஸ்கிரீன் கேளுங்க, தோல் கலர்லயே இருக்கும், சாம்பல் அடிக்காது. ஆனா பாதி கம்பெனி ஒரே ஷேடுதான் விடறான், அதுவும் செவத்த தோலுக்கு, அதனால வாங்கறதுக்கு முன்னாடி தாடைல தடவி கடைக்கு வெளிய வெளிச்சத்துல பாருங்க. வாட்டர் ரெசிஸ்டன்ட் 80 நிமிஷம்னு போட்டது எடுத்தா கண்ணுல எறங்கறது கொறையும், புருவத்துக்கு மேல மட்டும் மெல்லிசா போடுங்க. பிஏ ப்ளஸ் நாலு இருக்கான்னு பாருங்க, அதுதான் யூவிஏக்கு. ஸ்கூட்டி டிக்கில வெக்காதீங்க, அந்த சூட்டுல கெட்டுப்போயிடும்.

ஆற்காடு அனு:
நான் இன்னும் ஜிங்க் பக்கம்தான். டின்டட்லயே ஜிங்க் உள்ளது வருது அக்கா, லேபிள பாத்து அத எடுங்க.

போளூர் பெருமாள்:
நான் கொடய விடமாட்டேன். கிரவுண்டுல நிக்கும்போதாவது ஒண்ணு புடிம்மா, புள்ளங்க பாத்தா பாக்கட்டும்.

சத்துவாச்சாரி சுதா:
புடிக்கறேன் அய்யா. சனிக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் போறதுக்குள்ள கடைக்கு போயி டின்டட் தாடைல தடவி பாக்கறேன், விஜி சொன்ன மாதிரி லேபிளும் படிச்சுடறேன். பொட்டு வெக்கற எடத்துல மட்டும் ஒரு சொட்டு எடம் விட்டு தடவலாம்னு இருக்கேன், திங்கக்கிழமை ப்ரேயர் முடியற வரைக்கும் நிக்குதான்னு பாத்துட்டு வந்து எழுதறேன்.