சுயமரியாதையிலிருந்து பாரிசான் வரை: தாத்தாவின் அரசியல் பாதை

கேள்வி: சிங்கப்பூரில் சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு நாளிதழைப் படித்துச் சுயமரியாதைக்காரரான என் தாத்தா, செம்பவாங் கடற்படைத் தளத் தொழிற்சங்கத்தின் வழியே மக்கள் செயல் கட்சிக்கும், 1961இல் அதிலிருந்து பிரிந்த இடதுசாரிகளின் பாரிசான் சோசியாலிஸ் கட்சிக்கும் சென்றார். இத்தனை மாற்றங்களை எவ்வாறு புரிந்துகொள்வது?

மறுமொழி: ஐயா, அவர் மாறினார் என்று சொல்வது சரியல்ல என்றே கருதுகிறேன். 1954இல் தொடங்கிய மக்கள் செயல் கட்சியில் லீ குவான் யூவின் மிதவாதிகளும் லிம் சின் சியோங்கைப் பின்பற்றிய தொழிற்சங்க இடதுசாரிகளும் ஒன்றாகவே இருந்து, மலேசிய இணைப்பு பற்றிய சர்ச்சையின்போது பிரிந்தார்கள். சாதி மறுப்பிலிருந்து கூலி உரிமைக்கு வந்தவருக்கு இரண்டாவது அணி இயல்பான இடம்.

மறுமொழி: ஆயினும் எல்லாரும் அவ்வழியே செல்லவில்லை. பிரிட்டிஷாரால் சிறைவைக்கப்பட்ட தொழிற்சங்கவாதி தேவன் நாயர் மக்கள் செயல் கட்சியிலேயே தங்கினார்; கடற்படைத் தளச் சங்கத்தை வழிநடத்திய உட்ஹல் 1963 பிப்ரவரியில், இடதுசாரிகளைக் கைதுசெய்த கோல்ட்ஸ்டோர் நடவடிக்கையில் கைதானார். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை அவசியம் கேளுங்கள்.